தெரிந்த கதைக்கு ஏன் இன்னொரு நுழைவுச்சீட்டு?

“ஏற்கெனவே பார்த்த நாடகம்தானே? கதை தெரியும். முடிவும் தெரியும். பாடல்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. பிறகு எதற்கு மறுபடியும் காசு கொடுத்துப் போக வேண்டும்?”

ஓர் இசை நாடகத்தை இரண்டாம் முறை பார்க்கப் புறப்படும் எவரும் வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். கேள்வி நியாயமானதுதான். திரைப்படத்தைவிட மேடை நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு விலை பல மடங்கு அதிகம். அந்தப் பணத்தில் இதுவரை பார்க்காத வேறொன்றைப் பார்க்கலாமே என்று தோன்றுவதும் இயல்பே.

ஆனால், இந்தக் கேள்வி தமிழருக்குப் புதியதாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்குத் தமிழ்நாட்டுக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய அமர்ந்திருப்போரில், வள்ளியை முருகன் மணப்பானா மாட்டானா என்று அறியாதவர் ஒருவர்கூட இல்லை. முடிவை அறிந்துகொள்ள அவர்கள் வருவதில்லை. இந்த ஆண்டு வள்ளியாக வருபவர் எப்படிப் பாடுகிறார், தர்க்கக் காட்சியில் நாரதருக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார்க்கவே வருகிறார்கள். தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பது நம் மரபிலேயே ஊறிய ஒரு சுவை.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ‘லே மிசராப்’ என்னும் இசை நாடகம். 1994-இல் பட்டப்படிப்பு மாணவப் பருவத்தில் சிங்கப்பூர்க் காலாங் அரங்கத்தில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். 2016-இல் அது எஸ்பிளனேட் அரங்கத்துக்கு வந்தபோது இரண்டு முறை சென்றேன். ஒரே நாடகத்தை மூன்று முறை பார்த்ததில் நான் கண்டதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: முதல் முறை பார்க்கிறவர் கதையைப் பார்க்கிறார், மறுமுறை பார்க்கிறவருக்குத்தான் நாடகம் கேட்கத் தொடங்குகிறது. அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகம் பிறந்த விதம்

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலே மூலம். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நாவலை இசை நாடகமாக்கலாம் என்று முதலில் எண்ணியவர் அலான் புப்ளில். லண்டனில் ‘ஆலிவர்!’ இசை நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் வரும் தெருச்சிறுவனைக் கண்டு, ஹியூகோவின் தெருச்சிறுவன் கவ்ரோஷ் அவருக்கு நினைவுக்கு வந்தானாம். கிளோட் மிஷெல் ஷோன்பெர்க் இசையமைத்தார். முதலில் இசைத்தட்டாக வெளிவந்த இப்படைப்பு, 1980-இல் பாரிஸ் நகரின் விளையாட்டு அரங்கம் ஒன்றில் ரோபெர் ஓசேன் இயக்கத்தில் மேடையேறியது.

பின்னர் அந்த இசைத்தட்டு பிரிட்டிஷ் தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டோஷின் கைக்கு வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் குழுவுடன் அவர் இணைந்தார். டிரெவர் நன், ஜான் கேர்ட் இருவரும் இயக்கினர். ஆங்கிலப் பாடல் வரிகளை ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் எழுதினார். 1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிகன் அரங்கத்தில் நாடகம் தொடங்கியது. நாளிதழ் விமர்சகர்களில் பலர் குறை கூறினர். மக்களோ நுழைவுச்சீட்டுக்கு வரிசை பிடித்தனர். 2025-இல் லண்டனில் அந்நாடகம் 40 ஆண்டு நிறைவைக் கண்டது. நியூயார்க் பிராட்வேயில் 1987 முதல் 2003 வரை 6,680 காட்சிகள் நடந்தன.

இவ்வரலாற்றில் நம் பேச்சுக்குத் தேவையான ஒரு செய்தி உண்டு. 1980-இல் பாரிஸில் நடந்த நாடகத்தில், கதாநாயகன் சிறையிலிருந்து வெளிவரும் தொடக்கப் பகுதியே கிடையாது. நேரே தொழிற்சாலைக் காட்சியில்தான் நாடகம் தொடங்கியது. காரணம் எளிது: பிரெஞ்சுக்காரர்களுக்கு அக்கதை பள்ளிப் பருவத்திலிருந்தே தெரியும். நம்மிடம் வந்து இராமன் யாருடைய மகன் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? அதுபோலத்தான். கதை தெரியாத ஆங்கிலப் பார்வையாளர்களுக்காகவே லண்டனில் தொடக்கக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. ஆக, இந்த நாடகம் முதலில் உருவானதே கதை தெரிந்தவர்களுக்காகத்தான்.

கதை, சுருக்கமாக

இதுவரை பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சில வரிகளில் சொல்கிறேன். தன் தமக்கையின் பசித்த குழந்தைக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன் ஜான் வால்ஜான். அதற்கு 5 ஆண்டு, தப்பியோட முயன்றதற்கு 14 ஆண்டு என மொத்தம் 19 ஆண்டுகள் சிறையில் கழிக்கிறான். 1815-இல் விடுதலையாகும் அவனை எவரும் அண்டவிடுவதில்லை. ஓர் ஆயர் மட்டுமே உணவும் இடமும் தருகிறார். அந்த வீட்டிலேயே வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வருகின்றனர். ஆயரோ, “அவை நான் கொடுத்தவைதாம்” என்று சொல்லி, வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். அந்த ஒரு செயல் அவன் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது.

பெயரை மாற்றிக்கொண்டு தொழிற்சாலை உரிமையாளராகவும் நகர மேயராகவும் உயர்கிறான். அவனது தொழிற்சாலையிலிருந்து துரத்தப்பட்டுச் சீரழிந்து மாயும் ஃபாந்தீன் என்ற பெண்ணின் மகள் கோசெட்டைத் தன் மகளாக வளர்க்கிறான். காவல் அதிகாரி ஜாவர் அவனை விடாமல் துரத்துகிறார். 1832-இல் பாரிஸில் மாணவர்கள் கிளர்ந்தெழுகின்றனர். அவர்களுள் ஒருவனான மாரியுஸ், கோசெட்டைக் காதலிக்கிறான். மாரியுஸைக் காதலிக்கும் ஏழைப் பெண் எப்போனின் அவனுக்காகவே உயிரை விடுகிறாள். மாணவர் அனைவரும் மடிய, குண்டடிபட்ட மாரியுஸை மட்டும் வால்ஜான் கழிவுநீர்ச் சுரங்கத்தின் வழியே தூக்கிச் சென்று காப்பாற்றுகிறான்.

இதில் வரும் எழுச்சியைப் பலர் 1789-இன் பிரெஞ்சுப் புரட்சி என்று எண்ணுவதுண்டு. அது வேறு, இது வேறு. இது 1832 ஜூன் 5, 6 தேதிகளில் நடந்த தோல்வியுற்ற கிளர்ச்சி. மக்களின் அன்பைப் பெற்றிருந்த தளபதி லமார்க் காலரா நோயால் இறந்தார். அவரது இறுதி ஊர்வலத்தில் மூண்ட அந்தக் கிளர்ச்சி மறுநாளே அடக்கப்பட்டது. நாடகம் வென்றவர்களைப் பற்றியதன்று என்பதை இரண்டாம் முறை செல்கிறவர் முதலிலிருந்தே அறிந்திருக்கிறார். மாணவர்கள் உற்சாகமாகக் கொடியசைத்துப் பாடும்போது முதல் முறை பார்க்கிறவர் கைதட்டுகிறார். முடிவை அறிந்தவருக்கோ அதே பாட்டில் தொண்டை அடைக்கிறது.

திரும்பி வரும் மெட்டுகள்

இந்நாடகத்தில் பேச்சு வசனம் இல்லையென்றே சொல்லலாம். ஏறத்தாழ மூன்று மணி நேரமும் எல்லாம் பாட்டாகவே நடக்கின்றன. அவ்வளவு நேரத்துக்கும் புதுப்புது மெட்டுகளைப் போட்டுக்கொண்டே போனால் எந்தக் காதும் தாங்காது. எனவே இசையமைப்பாளர் சில மெட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றையே வெவ்வேறு இடங்களில் திரும்ப வரச் செய்கிறார்.

நம் திரைப்படங்களிலும் இது உண்டு. முற்பாதியில் மகிழ்ச்சியாக வரும் பாட்டு, பிற்பாதியில் அதே மெட்டில் சோகமாக வரும். ஆனால், அங்கே பெரும்பாலும் பாடுகிறவர் அதே பாத்திரம்தான். ‘லே மிசராப்’ நாடகத்திலோ ஒருவர் பாடிய மெட்டை முற்றிலும் வேறொருவர் பாடுவார். முதல் முறை பார்க்கும்போது இது காதில் விழாது. “யார் இவள்? ஏன் அழுகிறாள்? அடுத்து என்ன?” என்று மனம் கதையின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 1994-இல் எனக்கும் அப்படித்தான். வேகமாகப் பாடப்பட்ட ஆங்கில வரிகளைப் பிடிப்பதிலேயே என் கவனம் முழுதும் செலவானது. 2016-இல் கதையின் கவலை இல்லை. காது விடுதலை பெற்றுவிட்டது. அப்போது கேட்டவற்றில் நான்கை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, கைதிகளின் பாட்டு. நாடகம் தொடங்கும்போது சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகள் தலைகுனிந்து உழைத்தபடி ஒரு மெட்டைப் பாடுகின்றனர். கதை பாரிஸுக்கு நகர்ந்ததும், தெருவோரப் பிச்சைக்காரர்கள் அதே மெட்டைப் பாடுகின்றனர். இவர்களுக்குச் சங்கிலி இல்லை. ஆனால், இவர்கள் இருப்பதும் ஒரு சிறைதான் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே மெட்டு சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, இரண்டு பெண்களின் மெட்டு. சாகும் தறுவாயில் ஃபாந்தீன் தன் குழந்தையைக் கற்பனையில் அழைத்துப் பாடும் மெட்டும், எப்போனின் நள்ளிரவில் தனியே நடந்துகொண்டு பாடும் ‘ஆன் மை ஓன்’ பாடலின் மெட்டும் ஒன்றே. இந்த இருவரும் கதையில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. ஒருத்தி தாய், மற்றொருத்தி காதலி. தம்மிடம் வரவே போகாத ஒருவரை இருவரும் கூப்பிடுகிறார்கள். பிரெஞ்சு மூலத்தில் இந்த மெட்டு ஃபாந்தீனுக்கே உரியதாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கடைசிக் காட்சியில் வால்ஜான் இறக்கும்போது ஃபாந்தீனும் எப்போனினும் ஆவியுருவில் அவனை அழைத்துச் செல்ல வருகின்றனர். அப்போது இந்த மெட்டு மூன்றாம் முறையாக ஒலிக்கிறது. “எப்போனினுக்கும் வால்ஜானுக்கும் என்ன உறவு? அவள் ஏன் இங்கே வருகிறாள்?” என்று முதல் முறை குழம்பியவர்கள் உண்டு. அதற்கான விடை இசையில் இருக்கிறது.

மூன்றாவது, நன்றியை இழக்காத மெட்டு. கதவைத் திறந்து, களைத்து வந்தவனை உள்ளே அழைத்து உணவளிக்கும் ஆயர் ஒரு மென்மையான மெட்டில் பாடுகிறார். நாடகத்தின் இறுதிப் பகுதியில் நண்பர்கள் அனைவரையும் இழந்த மாரியுஸ், அவர்கள் கூடிப் பேசிய உணவகத்தில், ஆளற்ற நாற்காலிகளையும் மேசைகளையும் பார்த்துப் பாடுகிறான். அதே மெட்டு. முதலில் விருந்துக்கு அழைத்தது. இப்போது வெறுமையை அழுகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. தன்னைக் காப்பாற்றியவர் யார் என்பது மாரியுஸுக்கு அந்நேரத்தில் தெரியாது. ஆயர் வால்ஜானுக்குக் காட்டிய இரக்கம், வால்ஜான் வழியாக மாரியுஸின் உயிராக வந்து சேர்ந்திருக்கிறது. பாடுகிறவனுக்குத் தெரியாத அந்த உண்மை மெட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மறுமுறை பார்க்கிறவருக்கும் தெரிகிறது.

நான்காவதுதான் என்னை மிகவும் உலுக்கியது. ஆயர் மன்னித்து அனுப்பிய பின் வால்ஜான் தனியே நின்று, தன் வாழ்க்கையைத் தானே விசாரித்துப் பாடுகிறான். நாடகத்தின் பிற்பகுதியில் ஜாவர் மாணவர்களிடம் பிடிபடுகிறார். அவரைக் கொல்லும் வாய்ப்பு வால்ஜானுக்குக் கிடைக்கிறது. அவனோ அவரை விடுவித்துவிடுகிறான். அந்த மன்னிப்பைத் தாங்க முடியாத ஜாவர், ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று தன்னைத்தானே விசாரித்துப் பாடிவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். இரண்டுக்கும் மெட்டு ஒன்று. இருவருக்கும் கிடைத்தது ஒரே பொருள்: தகுதியைப் பார்க்காத மன்னிப்பு. ஒருவன் அதைப் பெற்று வேறு மனிதனாகிறான். மற்றவருக்கு அதை வைத்துக்கொள்ளத் தம் உள்ளத்தில் இடமே இல்லை. பகைவர்கள் இருவரும் எவ்வளவு அருகில் நின்றிருந்தனர் என்பதை இரண்டாம் முறைதான் உணர்ந்தேன்.

எல்லா மெட்டும் கூடும் இடம்

இடைவேளைக்கு முன் வரும் ‘ஒன் டே மோர்’ என்னும் கூட்டுப்பாடல் உலகப் புகழ் பெற்றது. வால்ஜான், மாரியுஸ், கோசெட், எப்போனின், ஜாவர், மாணவர்கள், மக்களை ஏமாற்றிப் பிழைக்கும் தெனார்டியே தம்பதியர் ஆகிய அனைவரும் மறுநாளை எண்ணி ஒரே நேரத்தில் பாடுகின்றனர். முதல் முறை கேட்கும்போது அது ஒரு பெரிய ஒலி வெள்ளம். மயிர்க்கூச்செறியும், ஆனால் யார் என்ன பாடுகிறார் என்று பிரித்தறிய முடியாது.

மெட்டுகளை அறிந்துகொண்டு கேட்டால் முடிச்சு அவிழும். வால்ஜான் பாடுவது, மேயராக இருந்தபோது “நான் யார்?” என்று கேட்டுப் பாடிய அவனுடைய மெட்டு. தெனார்டியே தம்பதியர் பாடுவது, சத்திரத்தில் அவர்கள் பாடிய வேடிக்கைப் பாட்டின் மெட்டு. மாரியுஸும் கோசெட்டும் காதலில் பாடும் மெட்டு எது தெரியுமா? வேலையிழந்து நின்ற ஃபாந்தீன், நொறுங்கிப்போன தன் கனவைப் பற்றிப் பாடிய ‘ஐ டிரீம்ட் எ டிரீம்’ பாடலின் மெட்டு! அந்தக் கனவு யாரால் நொறுங்கியதோ அவனுக்குப் பிறந்த மகள் கோசெட். தாயின் ஏமாற்றத்துக்குரிய இசை, மகளின் காதலுக்குரிய இசையாகிறது. மகளுக்கு அது தெரியாது. அவள் தன் தாயைப் பற்றி அறிந்தது மிகக் குறைவு. இதைக் கேட்டறிந்த இரவில், இடைவேளை விளக்குகள் எரிந்த பிறகும் சிறிது நேரம் இருக்கையிலேயே அமர்ந்திருந்தேன்.

மேடையும் மாறியது

திரும்பப் போவதில் இன்னொரு பயன், ஒரே நாடகம் இரண்டு விதமாகக் கட்டப்படுவதைப் பார்க்க முடிவது. 1994-இல் இங்கு வந்தது லண்டனின் முதல் வடிவம். ஜான் நேப்பியர் வடிவமைத்த அம்மேடையின் தரை பெரிய சுழல்தட்டாக இருந்தது. அது சுழல, மனிதர்கள் நடந்துகொண்டே இருப்பர். ஊர்களும் ஆண்டுகளும் கடந்து செல்லும். இருபுறமிருந்தும் இரண்டு பெரிய குவியல்கள் நகர்ந்து வந்து இணைந்து மாணவர்களின் தடுப்பரணாக மாறும். போர் முடிந்ததும் அந்தத் தடுப்பரண் மெல்லத் திரும்பி, மறுபக்கத்தில் மடிந்து கிடக்கும் மாணவர்களைக் காட்டும். பேச்சில்லை, பாட்டில்லை; இசை மட்டும்.

2016-இல் வந்தது, 25-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி லாரன்ஸ் கானர், ஜேம்ஸ் பவல் இருவரும் புதிதாக இயக்கிய வடிவம். இதில் சுழல்தட்டு கிடையாது. அதற்குப் பதிலாகப் பின்திரையில் ஓவியக் காட்சிகள் ஒளிவீச்சாக வருகின்றன. ஹியூகோ எழுத்தாளர் மட்டுமல்லர். ஆயிரக்கணக்கான ஓவியங்களை வரைந்தவர். இருண்ட மை ஓவியங்கள் அவை. அவற்றின் சாயலிலேயே புதிய மேடை அமைந்தது. மாரியுஸைத் தோளில் சுமந்து வால்ஜான் நடக்க, பின்னால் சுரங்கத்தின் வளைவுகள் நகர்ந்து செல்கின்றன.

பழைய வடிவத்தில், தோட்டாக்களைப் பொறுக்கச் சென்ற சிறுவன் கவ்ரோஷ் சுடப்படுவதை, தடுப்பரணைத் திருப்பி நம் கண்முன்னே காட்டினர். புதிய வடிவத்தில் அவன் தடுப்பரணுக்கு அப்பால் இறங்கி மறைந்துவிடுகிறான். நமக்குக் கேட்பது அவன் குரலும் துப்பாக்கிச் சத்தமும் மட்டுமே. உள்ளே நிற்கும் மாணவர்களின் முகங்களைத்தான் பார்க்கிறோம். எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், தடுப்பரண் திரும்பிய அந்தப் பழைய காட்சிக்கு ஈடில்லை என்பேன். சிறுவனின் மரணத்திலோ புதியதே என்னை அதிகம் வருத்தியது. இரண்டையும் பார்த்திராவிட்டால், காட்டுவதற்கும் மறைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் எண்ணியிருக்கவே மாட்டேன். லண்டனிலும் பழைய வடிவம் 2019 ஜூலையில் முடிவுக்கு வந்து, அவ்வாண்டின் இறுதியிலிருந்து புதிய வடிவமே நடந்து வருகிறது.

ஜாவரும் நாமும்

பார்க்கிறவரும் மாறுகிறார். இருபது வயதில் எனக்கு இந்நாடகம் மாணவர்களின் கதை. தடுப்பரண் மேல் ஏறி நின்று கொடி பிடிப்பவர்களே வீரர்கள், ஜாவர் வில்லன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்க்கும்போது, பிறர் பிள்ளையைக் காப்பாற்றித் தரும்படி வால்ஜான் இறைவனிடம் கெஞ்சிப் பாடும் ‘பிரிங் ஹிம் ஹோம்’ பாட்டே நாடகத்தின் மையமாகத் தோன்றியது. ஜாவரும் வில்லனாகத் தோன்றவில்லை. அவர் இலஞ்சம் வாங்குவதில்லை, பொய் சொல்வதில்லை, தன்னலத்துக்காக எதையும் செய்வதில்லை. விதியைத் தவிர வேறொன்றையும் அறியாத நேர்மையான மனிதர் அவர். அத்தகையவர்களை அலுவலகங்களில் கண்ட பிறகுதான் அப்பாத்திரத்தின் துயரம் புரிகிறது.

தமிழருக்கு ஜாவர் அந்நியர் அல்லர் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். கவியோகி சுத்தானந்த பாரதியார் ஹியூகோவின் நாவலை ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தமிழாக்கினார். அது 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில், நாகையா கதாநாயகனாக நடிக்க, அதே பெயரில் திரைப்படமாக வந்தது. அதில் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அந்த நடிப்பின் சிறப்பால் வாழ்நாள் முழுதும் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற திரைக்கதை வசனகர்த்தாவாகவும் விளங்கினார். ஒரு பிரெஞ்சு நாவலின் பாத்திரம் ஒரு தமிழ் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது எவ்வளவு அரிய செய்தி!

இதைப் போலவே இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. 1985-இல் லண்டனில் முதன்முதலாக வால்ஜானாக நடித்தவர் அயர்லாந்துப் பாடகர் கோம் வில்கின்சன். 2012-இல் வெளியான திரைப்படத்தில் அவரே ஆயராக வந்து, புதிய வால்ஜானான ஹியூ ஜேக்மனுக்கு வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுக்கிறார். அன்று பெற்றுக்கொண்டவர், இன்று கொடுக்கிறார். பழைய நாடகத்தை அறிந்தவர்களுக்கு அக்காட்சியில் கூடுதலாக ஒரு பரிசு காத்திருந்தது.

மீண்டும் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

எந்த இசை நாடகமானாலும், மறுமுறை செல்லும்போது வேறு இடத்தில் அமருங்கள். கீழே முன் வரிசையில் முகங்கள் தெரியும். மேல்மாடத்தில் மேடையின் முழு அமைப்பும் ஒளியின் போக்கும் தெரியும். 2016-இல் நான் ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் அமர்ந்தேன். இரண்டும் இரு வேறு அனுபவங்கள்.

அடுத்து, முக்கியப் பாத்திரத்தை விட்டுவிட்டுக் குழுவினரில் ஒருவரைப் பின்தொடருங்கள். இந்நாடகத்தில் தொடக்கத்தில் கைதிகளாக வரும் நடிகர்களே பின்னர் ஊர்மக்களாகவும் பிச்சைக்காரர்களாகவும் மாணவர்களாகவும் வருகின்றனர். மெட்டுகள் திரும்புவதைப் போலவே முகங்களும் திரும்புகின்றன.

நடிகர் மாறியிருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். இத்தகைய நாடகங்கள் பொதுவாக வாரத்துக்கு 8 காட்சிகள் நடக்கும். எந்தத் தொண்டையும் ஓய்வின்றித் தாங்காது. எனவே முக்கியப் பாத்திரங்களுக்கு மாற்று நடிகர்கள் இருப்பர். பல பாத்திரங்களையும் மனப்பாடம் செய்து, எவருக்கு உடல்நலமில்லையோ அவர் இடத்தில் அன்று மாலையே நிற்கக்கூடிய ‘ஸ்விங்’ எனப்படும் கலைஞர்களும் உண்டு. ஒரே பாடலை இன்னொருவர் எப்படிச் சுமக்கிறார் என்று கேட்பதும், இந்த ஆண்டு வள்ளியாக வருபவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்பதும் ஒன்றுதான்.

நம் மேடைக்கு ஒரு கேள்வி

இவ்வளவையும் எழுதும்போது என் மனத்தில் ஒரு குறை உறுத்துகிறது. திரும்பிப் போவதற்கு நாடகம் அங்கே இருக்க வேண்டுமே! ‘லே மிசராப்’ நாற்பது ஆண்டுகள் நிலைத்து நின்றதால்தான் தந்தை பார்த்ததை மகள் பார்க்கவும், மாணவராகப் பார்த்தவர் பெற்றோராகிப் பார்க்கவும் முடிகிறது.

நம் பல்கலைக்கழகத் தமிழ் நாடகங்களை எண்ணிப் பாருங்கள். பல வாரங்கள் ஒத்திகை. விரிவுரைகளுக்கு இடையே வசன மனப்பாடம். நன்கொடைக்கும் நுழைவுச்சீட்டு விற்பனைக்கும் அலைச்சல். பிறகு ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு இரவுகள். மறுநாள் மேடைப் பொருள்கள் பிரிக்கப்படுகின்றன. எழுத்துப்படி எவருடைய கணினியிலோ தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டுச் செயலவை புதிய நாடகத்தைத் தேடிப் புறப்படுகிறது. “போன வருடம் போட்டதையே போடுவதா?” என்பது நம்மிடையே ஒரு பழிச்சொல்லாகவே இருக்கிறது. எத்தனையோ நல்ல நாடகங்களை நம்மில் எவரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. அதனால் அவற்றுள் என்ன இருந்தது என்பது எழுதியவருக்கே முழுமையாகத் தெரியாமல் போயிருக்கலாம்.

ஆண்டுதோறும் புதியது வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. புதியவர்கள் எழுதத்தான் வேண்டும். ஆனால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது, முன்பு மேடையேறிய ஒரு நல்ல தமிழ் நாடகத்தை எடுத்து, புதிய மாணவர்கள் புதிய விதத்தில் நடித்தால் என்ன? அன்று நடித்த முன்னாள் மாணவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்தினால் என்ன? தாம் பேசிய வசனத்தை இன்னொரு தலைமுறையின் வாயில் கேட்கும் அந்த முன்னாள் மாணவருக்கு, ஃபாந்தீனின் மெட்டை மகளின் குரலில் கேட்ட எனக்கு நேர்ந்தது நேரும் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு முதற்படியாக, இதுவரை நடந்த நாடகங்களின் எழுத்துப்படிகளையும் பாடல்களையும் சேர்த்து ஓரிடத்தில் பாதுகாக்கும் பொறுப்பை வருங்காலச் செயலவைகள் ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் கோப்புகள் இருந்தால்தான் நமக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.